ஒப்பிட ஒரு வீடு

தையல்காரிக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தகரக் கூரைக்குக் கீழே தையல் மிஷின் மிதித்து, இரண்டு பெண்களைக் கரையேற்றியவளுக்கு வாய் கொஞ்சமாவது நீளாதா?

பல்கலைக்கழகமும் ஒரு பெயின்ட் கம்பெனியும் கைகோத்து வெப்ப ஆராய்ச்சிக்கு வந்தன. இவள் வீட்டிலும், ஒட்டியிருந்த நாத்தனார் வீட்டிலும் வெப்பமானி மாட்டினார்கள். கூரைக்கு வெள்ளை அடித்ததோ நாத்தனார் வீட்டுக்கு மட்டும். கோடை முடிந்ததும் பேராசிரியர் பூரிப்போடு வந்தார்.

“வெள்ளை அடிச்ச வீடு நல்லாவே குளுந்திருக்கும்மா!”

“அப்ப எனக்கும் அடிங்க.”

“இன்னும் ரெண்டு கோடை பொறுத்துக்கங்க. ஒப்பிட்டுப் பாக்க ஒரு வீடு வேணுமில்ல?”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அதுக்கு நான் வேகணுமா? உலகம் சூடாகுதுன்னு இவ்வளவு கவலைப்படுறீங்களே, நான் அந்த உலகத்துல இல்லையா?”

விறுவிறுவென்று வெப்பமானியைச் சுவரிலிருந்து கழற்றினாள். நாத்தனார் வீட்டுக்குள் போய், அங்கே தொங்கிய வெப்பமானிக்குப் பக்கத்திலேயே ஆணியடித்து மாட்டினாள்.

“இப்ப ஒப்பிட்டுப் பாருங்க சார்” என்றவள், தன் மிஷினையும் இங்கே இழுத்துவரப் போனாள்.