புறா ஆர்க்கிட் பூத்த காலை

என் அக்காவுக்குக் கண் அழுத்த நோய். பக்கவாட்டிலிருந்து பார்வை சுருங்கிச் சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நடுவில் ஒரு சிறு வட்டம்தான் மிஞ்சியது. பினாங்கில், பாயான் லெப்பாஸ் வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் மைக்ரோஸ்கோப்பில் கண் பதித்து வேலை செய்தவள். அதனால் வந்ததா என்று மருத்துவரிடம் கேட்டேன். இல்லை, பரம்பரையாக வந்திருக்கலாம் என்றார்.

பார்வை நன்றாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் பினாங்கு மலை ஏறுவோம். அக்கா கிளைகளை அண்ணாந்து பார்த்தபடியே நடப்பாள். காட்டு ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை தரையில் வளர்வதில்லை. பாசியும் மக்கிய இலையும் தங்கும் கிளைக் கவட்டில், மரப்பட்டையைப் பற்றிக்கொண்டு வளரும். மழையும் பனிமூட்டமும் போதும். மரத்தை உறிஞ்சும் ஒட்டுண்ணி என்று நான் நினைத்திருந்தேன்.

"அது மரத்துக்கிட்ட ஒன்னும் எடுக்காது தம்பி. சும்மா ஒக்காந்திருக்கு, அவ்ளோதான் லா" என்றாள்.

அவளுக்கு மிகவும் பிடித்தது மலையிலிருந்த அபூர்வமான எதுவும் இல்லை. ஜார்ஜ்டவுன் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களிலும் தொற்றி வளரும் புறா ஆர்க்கிட்தான். பூக்காத நாளில் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வெயில் கொளுத்தும்போது திடீரென்று பெருமழை பெய்து காற்று குளிர்ந்தால், அதுவரை உறங்கிய மொட்டுகள் விழித்துக்கொள்ளும். ஒரு வாரம் கழிந்து, ஊரிலுள்ள எல்லாச் செடிகளும் ஒரே காலையில் வெள்ளையாக, வாசனையோடு பூக்கும். சாயங்காலத்துக்குள் வாடிவிடும்.

போன வருடம் அப்படியொரு மழை பெய்தது. "இந்தத் தடவ பாத்துரணும்" என்றாள் அக்கா. அதன்பிறகு வேலைக்குப் போகும்போதெல்லாம் எங்கள் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரத்தை நான் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

பூத்த அன்று லீவு போட்டேன். அவள் கையைப் பிடித்து மரத்தடிக்கு அழைத்துப் போனேன். கிளை முழுக்கப் பூ. அந்தப் பக்கம் போன மலாய்க்காரப் பெண்மணி ஒருவர் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டிருந்தார். அக்கா தலையை மெல்லத் திருப்பித் திருப்பித் தேடினாள்.

"தெரியுதாக்கா?"

"தெரியுதுடா. நெறையா பூத்திருக்கு."

அவள் முகம் பார்த்த பக்கம் மின்கம்பமும் எதிர்வீட்டுக் கூரையும்தான் இருந்தன. அவள் தோளைப் பிடித்துத் திருப்பியிருக்கலாம். அவள் சிரித்துக்கொண்டிருந்ததால் எனக்குக் கை எழவில்லை. "ஆமாக்கா, நெறையாதான்" என்றேன்.

வீடு திரும்பினோம். படியேறும்போது அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அழும் சத்தம் கேட்டது. நான் கதவைத் தட்டவில்லை.

இந்த வருடம் அந்தச் சிறு வட்டமும் போய்விட்டது. போன மாதம் ஒரு காலையில் அவள் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"பூத்திருச்சு போல. வாசன வருது. நீ போய்ப் பாத்துட்டு வா."

"அப்புறம் போறேன்க்கா."

தேநீர் கலக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று முழுக்க நான் தெருமுனைப் பக்கமே போகவில்லை.