வியட்நாம் மீன்சந்தையில் என் மனைவி

நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில், கட்டிய மனைவியைத் தெரியாதவள்போல் பார்த்துவிட்டு நடந்தவன் நான். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

எங்கள் இருவருக்குமே ஊர் குருசுக்குப்பம்தான். மீனவக் குடும்பங்கள். நான் படித்து, மீன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். அவள் தன் அம்மாவோடு மார்க்கெட்டில் மீன் விற்றாள். ஒருநாள் புது மேலதிகாரியோடு அந்தப் பக்கம் போக நேர்ந்தது.

"ஏங்க, இங்க வாங்க! சங்கரா வந்துருக்கு!" என்று அலுமினிய அன்னக்கூடைக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டினாள்.

"தெரிஞ்சவங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்ல சார். இவங்க எல்லாரையும் இப்பிடித்தான் கூப்புடுவாங்க" என்றேன். அவள் காதில் விழும் தூரம்தான்.

அன்று மாலை வழக்கம்போல் காபி போட்டுக் கொடுத்தாள். மறுநாளிலிருந்து மார்க்கெட்டுக்குப் போகவில்லை. கொஞ்ச நாளில் ரெட்டியார்பாளையத்துக்கு வீடு மாறினோம். எல்லாம் நல்லபடியாக முடிந்ததென்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், நான் ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தபோது, மீனை உறைய வைக்கும் இயந்திரம் ஒன்றைப் பார்த்துவர வியட்நாமின் குவி நோன் நகருக்கு அனுப்பினார்கள். எனக்குப் போகவே விருப்பமில்லை. பார்த்தோம், கையெழுத்துப் போட்டோம், திரும்பினோம் என்று முடித்துவிட நினைத்துக் கிளம்பினேன்.

முதல் நாள் விடியலில் கடற்கரைக்கு இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். கடலில் பரிசல்! நம் ஊரில் ஆற்றைக் கடக்கிற அதே வட்டப் பரிசல், ஒற்றைத் துடுப்போடு அலைமேல் குதித்துக்கொண்டிருந்தது. கடலைப் பார்த்தே வளர்ந்த எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன. ஒருவர் ஏறச் சொல்லிச் சைகை காட்டினார். பேண்ட்டை மடித்துக்கொண்டு ஏறினேன். அது பம்பரமாகச் சுற்றியது. நான் கத்திய கத்தலுக்குக் கரையே கைதட்டியது. ஐம்பத்தெட்டு வயது எனக்கு!

அப்புறம் இடியாப்பம் மாதிரி ஒன்றைக் கொதிக்கும் மீன் சாற்றில் போட்டு, பச்சை இலைகளைக் கிள்ளித் தூவிக் கொடுத்தார்கள். மூன்று கிண்ணம் உள்ளே போனது. இயந்திரத்தின் பாகம் ஒன்று வர இரண்டு நாள் தாமதமாகும் என்று மன்னிப்புக் கேட்டார்கள். நான் உள்ளுக்குள் குதித்தேன். அந்த நாட்டை எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது.

அதிலும் மீன்சந்தை! ஓலைத் தொப்பி, ரப்பர் பூட்ஸ் போட்ட பெண்கள் ஏலக் கூச்சலில் கடலையே அடக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பெரிய சூரை மீனை இரு கையாலும் தூக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பக்கத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர் அவளைக் காட்டி, தன் நெஞ்சைத் தட்டி, "மை வைஃப்! மை வைஃப்!" என்றார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலமே அவ்வளவுதான் போலிருந்தது. படம் எடுத்துத் தள்ளினேன்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் போனை மனைவியிடம் நீட்டினேன். "இந்தப் பொம்பளைங்களப் பாரு! இன்னா கம்பீரம்! எவ்ளோ அழகு!"

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தாள்.

"அங்க வித்தா அழகு. இங்க வித்தா யாருன்னே தெரியாது" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

முப்பது வருடமாக அவள் அதைச் சுமந்திருக்கிறாள். அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டேன். "சரி, சாப்புட வாங்க" என்றாள். அந்தச் 'சரி' சரியில்லை என்று எனக்கே தெரிந்தது.

ஓய்வுபெற்றதும் அவளை அதே ஊருக்கு, அதே சந்தைக்கு அழைத்துப் போனேன். நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள், வேறொன்றைத் தொட்டாள். விற்ற பெண் வாய்விட்டுச் சிரித்து, தன் முக்காலியைத் தள்ளிக் கொடுத்து, கத்தியையும் நீட்டினாள். என் மனைவி உட்கார்ந்து நாலு மீனை அறுத்துப் போட்ட வேகத்தில் கூட்டமே கூடிவிட்டது. நான் நெஞ்சைத் தட்டி, "மை வைஃப்! மை வைஃப்!" என்று கத்தினேன்.

"கத்தாதீங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள்.

"பாக்கட்டும்!"

ஊர் திரும்பியதும் புது அன்னக்கூடை ஒன்று வாங்கி அவள் முன் வைத்தேன். "இந்த வயசுல இத வெச்சிகினு இன்னா பண்றது?" என்றவள், அடுத்த வாரமே தன் தங்கையோடு பெரிய மார்க்கெட்டில் போய் உட்கார்ந்தாள். ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவதும் கூடையைத் தூக்குவதும் என் வேலை.

போன மாதம் பழைய அலுவலக நண்பர் ஒருவர் அங்கே வந்தார். நான் குரலை உயர்த்தி, "வாங்க சார், இவங்க என் வீட்டுக்காரம்மா!" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரு சார் நீங்க? மீன் வேணும்னா வாங்குங்க, இல்லன்னா நவுருங்க. யாவாரத்த மறைக்காதீங்க."

வரிசையே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே நகர்ந்தேன். அவள் சிரித்தாளா என்று தெரியவில்லை. மீனை அறுக்கக் குனிந்துவிட்டாள். அதைத் தெரிந்துகொள்ளத்தான், அந்தப் பரிசலில் ஏறிய காலையின் அதே துள்ளலோடு, இப்போதும் விடியலில் ஸ்கூட்டரை எடுக்கிறேன்.