உட்கார்ந்த பிறகு எடுத்த அளவு

வீட்டுக்கு ஒரு கார் பார்க்கலாம் என்று முடிவானதும் நான் முதலில் தேடி எடுத்தது என் இஞ்ச் டேப்பை. விளாங்குடியில் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டுத் தைக்கிறவள் நான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். காரைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்டால் ஒன்றும் தெரியாது. அளவு தெரியும்.

கார் வேண்டியிருந்தது என் வீட்டுக்காரருக்காக. தனியார் பஸ்ஸில் இருபது வருஷம் டிரைவராக இருந்தவர். பைக்கிலிருந்து விழுந்து வலது முழங்காலில் தகடு வைத்த பிறகு அந்தக் கால் பாதிக்கு மேல் மடங்குவதில்லை. ஆட்டோவில் ஏற்ற ஒருவர் வேண்டும், இறக்க இருவர் வேண்டும். காலுக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நாளெல்லாம் தெருவே வாசலுக்கு வந்துவிடும். எல்லாரும் நல்லவர்கள்தான், ஓடிவந்து தூக்கிவிடுவார்கள். அவருக்குப் பிடிக்காததே அதுதான். போகப்போக, ஆஸ்பத்திரி தவிர எங்கேயும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் தானாக ஏறி, தானாக இறங்கக்கூடிய வண்டி வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஓட்டப்போவது நான். எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கிய நாளிலிருந்து மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. காளவாசல் சிக்னலில் வண்டி ஆஃப் ஆகிவிட்டால்? பின்னால் நிற்கிற பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்காவிட்டால்? எங்கள் தெரு முனையில் திருப்பும்போது டிரான்ஸ்பார்மரில் உரசிவிட்டால்? கல்லூரிக்குப் போகும் என் மகள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், "அம்மா, நீ இன்னும் வண்டியே எடுக்கல. அதுக்குள்ள நாலு ஆக்ஸிடென்ட் பண்ணிட்ட" என்றாள்.

காளவாசல் பக்கத்து ஷோரூம் ஒன்றுக்கு அவளும் நானும் போனோம். ரொம்பப் பெரிதும் இல்லாமல், குட்டையாகத் தரையோடு ஒட்டியும் இல்லாமல், சின்ன எஸ்யூவி வகையில் மூன்று நின்றன. எங்களுக்குக் காட்டியவர் நல்ல வாட்டசாட்டமான ஆள். மேலே திறக்கிற கண்ணாடிக் கூரையைத் திறந்து மூடினார். திரையில் பாட்டு போட்டார். மகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிரவுண்ட் கிளியரன்ஸ் சூப்பரா இருக்குக்கா. எம்புட்டுப் பெரிய ஸ்பீடு பிரேக்கரா இருந்தாலும் அடியில தட்டாது."

"அது இருக்கட்டும் தம்பி. தரையிலருந்து சீட்டு எம்புட்டு உசரம்?"

அவர் புத்தகத்தைப் புரட்டினார். நீளம், அகலம், டிக்கி எத்தனை லிட்டர் கொள்ளும் என்பதுகூடப் போட்டிருந்தது. "அது மட்டும் போடலையேக்கா" என்றார்.

நான் பையிலிருந்து டேப்பை எடுத்தேன். வீட்டில் என் வீட்டுக்காரர் உட்காருகிற மரநாற்காலிக்குக் கீழே கட்டை வைத்து உயர்த்தியிருக்கிறோம். அதிலிருந்துதான் அவரால் யார் துணையும் இல்லாமல் எழ முடியும். அதன் உயரம் இருபத்திரண்டு இஞ்ச். முதல் வண்டியின் முன் சீட்டில் பிடித்தேன். அச்சாக இருபத்திரண்டு! அடுத்த இரண்டையும் அளக்கவே இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் ஷோரூம் தம்பி அதே வண்டியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தார். வீட்டுக்காரர் கைத்தடியோடு வந்து, திரும்பி நின்று, உட்கார்ந்தார். சீட்டு அவரை உள்ளே வாங்கிக்கொண்டது. எழப் பார்த்தார். முடியவில்லை. கதவைப் பிடித்து இன்னொரு தரம் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம். கடைசியில் நானும் அந்த ஷோரூம் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம்.

"என்னைய நாலு பேரு தூக்குற நாளு தானா வரும்" என்றார். "அதுக்கு இப்பவே ரெண்டு பேரும் எதுக்கு ஒத்திகை பாக்குறீக?"

ஷோரூம் தம்பி சிரித்துவிட்டார். இவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்று ஒரு ரவிக்கைக்குக் கையை மாற்றி வைத்துத் தைத்தேன். பிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. அளவு ரவிக்கையைக் கொடுத்தனுப்புகிறவர்களிடம் நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்: "ரவிக்கை பொய் சொல்லும், நீங்களே வாங்க, ஆள் மேல வச்சு எடுத்தாத்தான் சரியா வரும்." அப்படிச் சொல்கிற நான், ஆள் இல்லாத சீட்டில் அளவெடுத்துவிட்டு வந்திருக்கிறேன். மரநாற்காலி அமுங்காது. கார் சீட்டு அமுங்கும். தொழில்காரி செய்கிற தப்பா இது?

மறுபடி ஷோரூமுக்குப் போனேன். இந்தத் தடவை நோட்டில் எழுதிக்கொண்டு போனேன்: வீட்டுக்காரர் இடுப்பிலிருந்து குதிகால் வரை, கால் மடங்குகிற அளவுக்கு மடக்கி எடுத்த நீளம்; கதவு திறந்தால் எங்கள் தெருவில் மிச்சம் இருக்கிற அகலம்.

"தம்பி, தப்பா எடுத்துக்கிறாதீக. உங்க எடை எம்புட்டு?"

"எண்பத்தஞ்சு இருக்கும். ஏன்க்கா?"

"எங்க வீட்டுக்காரரும் அம்புட்டுத்தான். ஏறி உக்காருங்க."

அவர் உட்கார, நான் தரையில் மண்டியிட்டு டேப்பைப் பிடித்தேன். சுற்றி இருந்தவர்கள் பார்த்தார்கள். "சட்டையா தைக்கப் போறீகக்கா?" என்று நெளிந்தார் அவர். முதல் வண்டியில் அவர் உட்கார்ந்ததும் இருபத்திரண்டு பத்தொன்பதாக இறங்கியது. இரண்டாவது வண்டியில் சீட்டு நல்ல உயரம், ஆனால் கதவுக்குக் கீழே இருக்கிற விளிம்பு அகலம்; மடங்காத காலை அதைத் தாண்டிப் போட முடியாது. மூன்றாவது காலியாக இருபத்தைந்து, ஆள் உட்கார்ந்தால் இருபத்திரண்டரை. சீட்டைப் பின்னால் தள்ளினால் கால் நீட்ட இடமும் இருந்தது. மூன்று தரம் எடுத்தேன். அப்புறமும் நம்பாமல் நாலாவது தரம் எடுத்தேன்.

ஓட்டிப் பார்க்கிற அன்று ஷோரூம் தம்பியே எங்கள் வாசலுக்கு அந்த மூன்றாவது வண்டியைக் கொண்டுவந்தார். வீட்டுக்காரரை இழுக்காத குறையாகக் கூப்பிட்டு, நானே பிடித்து முன்னால் உட்கார வைத்தேன். மகளும் தம்பியும் பின்னால். அலங்காநல்லூர் ரோட்டில் விட்டேன். ஸ்டியரிங் என் கையில் ஈரமாகிக்கொண்டே இருந்தது.

"பிரேக்க மிதிக்கிற மிதியில மிஷின் பெடலு ஞாபகம் வருது. மெதுவா" என்றார் பக்கத்திலிருந்து. கொஞ்ச தூரம் போனதும், "கண்ணாடியப் பாக்குற. நல்லது" என்றார். இருபது வருஷம் பஸ் ஓட்டியவர் வாயிலிருந்து வந்த அந்த 'நல்லது' எனக்கு லைசென்ஸைவிடப் பெரிது.

வாய்க்கால் ஓரத்து டீக்கடை வந்ததும், "இங்கன நிறுத்து" என்றார். அவர் பஸ் ஓட்டிய காலத்தில் டீ குடிக்கிற கடை. வெளியே பெஞ்சில் அவரோடு வேலை பார்த்த கண்டக்டர் உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும், "அண்ணே!" என்று எழுந்து ஓடிவந்தார். நான் பெல்ட்டைக் கழற்றிக் கதவில் கை வைத்தேன்.

"நீ இறங்காத" என்றார். கண்டக்டரைப் பார்த்து, "மாப்ள, நீயும் அங்கனயே நில்லு."

கதவைத் திறந்தார். காலைக் கையால் தூக்கி வெளியே வைத்தார். மேலே இருக்கிற கைப்பிடியைப் பற்றினார். ஒரு மூச்சு. எழுந்து நின்றார்.

"வண்டி புதுசா? நல்லா இருக்கேண்ணே!"

"எங்க வீட்டுல அளவெடுத்துக் கொண்டாந்திருக்கா" என்று சொல்லிக்கொண்டே கைத்தடியை ஊன்றிக் கடைக்கு நடந்தார். அவர் முதுகு அவ்வளவு நேராக இருந்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

பின்னாலிருந்து தம்பி மெல்ல, "அப்ப இதையே புக் பண்ணிறலாமாக்கா?" என்றார்.

"பொறுங்க தம்பி. இறங்கித்தானே இருக்காரு. இன்னும் தானா ஏறணும்."

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். டீ குடித்து, பழைய கதை பேசி, அவர் வர அரைமணி நேரம் ஆயிற்று. அந்த அரைமணியும் நான் பெல்ட்டைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தேன். வந்தவர் திரும்பி நின்று உட்கார்ந்தார். காலை உள்ளே எடுத்து வைத்தார். கதவை அவரே சாத்தினார்.

இருபது வருஷம் கண்டக்டர் சொல்லக் கேட்டு வண்டியை எடுத்தவர், அன்று என்னைப் பார்த்து, "ரைட், போலாம்" என்றார்.

எடுத்தேன். வண்டி ஆஃப் ஆகவில்லை.