கோழிப் பண்ணை வாசலில் இந்தியா

ஒரு நாடு வெளிநாட்டில் நல்ல பெயர் வாங்க என்ன செய்யும் என்று உங்கள் பத்திரிகையில் கேட்டிருந்தீர்கள். படம் எடுக்கும், விழா நடத்தும், விளம்பரம் கொடுக்கும். நான் பத்தாவது வரைதான் படித்தவன், அதற்கு மேல் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு நாள் காலையில் அந்த வேலை எங்கள் கோழிப் பண்ணை வாசலிலேயே நடந்தது. சூப்பர்வைசர் என்பதால் நானும் கூட இருந்தேன். அதை மட்டும் எழுதுகிறேன்.

நாமக்கல் முட்டையை வாங்கிக்கொண்டிருந்த ஒரு வளைகுடா நாடு திடீரென்று நிறுத்திவிட்டது. வடக்கே ஏதோ ஒரு மாநிலத்தில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்ததுதான் காரணம். எங்கள் கோழிகளுக்குச் சளிகூட இல்லை. ஆனால் அங்கிருந்து பார்ப்பவர்களுக்கு இந்தியா முழுவதும் ஒரே கொட்டகை. ஒரு மூலையில் கோழி செத்தால் எல்லா மூலையிலும் செத்த மாதிரிதான். ஏற்றுமதி திரும்ப ஆரம்பிக்காவிட்டால் பாதி ஆட்களை நிறுத்திவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிறவர்.

பண்ணையை நேரில் பார்த்து முடிவு சொல்ல அந்த நாட்டிலிருந்து ஒரு பெண் கால்நடை டாக்டர் வருவதாகத் தகவல் வந்தது. அதற்கு முன்னால் நம் தரப்பு அதிகாரி ஒருவர் வந்தார். நல்ல மனிதர்.

"இதைப் பண்ணைன்னு நினைக்காதீங்க, இந்தியான்னு நினைச்சுக்கோங்க" என்றார்.

முதலாளி அப்படியே நினைத்துக்கொண்டார். வாசலில் வாழைமரம் கட்டினார். மயில் படம் போட்ட வளைவு வைத்தார். ராசிபுரத்திலிருந்து நாதஸ்வரத்துக்கு ஆள் சொன்னார்.

எங்கள் பண்ணையில் ஒவ்வொரு கொட்டகைக்கும் தனி பூட்ஸ் உண்டு. ஒரு கொட்டகை பூட்ஸ் இன்னொரு கொட்டகைக்குள் போகக் கூடாது. கோழிக்கு வரும் நோய் பெரும்பாலும் மனிதர் காலில்தான் நடந்து வரும். அடையாளத்துக்குக் குதிகாலில் பெயிண்ட் பொட்டு வைத்திருப்போம். சிவப்புக் கொட்டகைக்குச் சிவப்பு, நீலத்துக்கு நீலம், மஞ்சளுக்கு மஞ்சள்.

விருந்தாளிக்கு ஆரத்தி எடுக்கும்போது காலில் பூட்ஸ் இருந்தால் மரியாதை இல்லை என்று முதலாளி அன்று எல்லோரையும் கழற்றச் சொன்னார். கழற்றியதைப் பார்க்க அழகாக, சின்னதிலிருந்து பெரியது வரை அளவு பார்த்து அடுக்கவும் சொன்னார். அடுக்கினோம்.

டாக்டரம்மா வெள்ளை அங்கியோடு இறங்கினார். நாதஸ்வரம் ஆரம்பித்தது. அவர் வளைவைப் பார்க்கவில்லை. மயிலையும் பார்க்கவில்லை. எங்கள் வெறுங்காலைப் பார்த்தார். அதிகாரியிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார்.

"இங்க யாரும் பூட்ஸ் போடறதில்லையான்னு கேக்கறாங்க" என்றார் அதிகாரி.

"மரியாதைக்குக் கழட்டியிருக்கறோம்னு சொல்லுங்க" என்றார் முதலாளி.

அதிகாரி சொன்னார். மரியாதை போய்ச் சேர்ந்த மாதிரி தெரியவில்லை. தினமும் எப்படி உள்ளே போவீர்களோ அப்படிப் போய்க் காட்டுங்கள் என்றார் டாக்டரம்மா.

எல்லோரும் பூட்ஸ் வரிசைக்கு ஓடினோம். அளவு பார்த்து அடுக்கியதில் நிறமெல்லாம் கலந்து கிடந்தது.

"ஏனுங்க, இது சிவப்பு. நானு நீலக் கொட்டாய்ங்க" என்றார் தீவனம் போடும் அக்கா.

"கெடக்குது, போடு சாமி. அவங்க பாக்கறாங்க" என்று முதலாளி பல்லைக் கடித்தார்.

"மாட்டேனுங்க. போன வாரம் மாத்திப் போட்டதுக்கு நீங்கதானுங்க அந்தக் கத்து கத்துனீங்க?"

"அது போன வாரம்!"

"சீக்குக்குப் போன வாரம், இந்த வாரமெல்லாம் தெரியுமுங்களா?"

மஞ்சள் கொட்டகையில் முட்டை பொறுக்குகிறவர் அவசரத்தில் அக்காவின் நீல பூட்ஸுக்குள் காலைத் திணித்திருந்தார். அது இப்போது வர மறுத்தது.

"என்ற பூட்ஸ எதுக்குடா போட்ட? காலா இது, உலக்கையா?"

"உன்ற காலு கோழிக்காலு மாதிரி இருந்தா நானென்னக்கா பண்றது? இழு, இழு!"

இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள். நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றாததால் நாதஸ்வரம் நடந்துகொண்டே இருந்தது. முதலாளி வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிறுத்தப்போகும் பாதி ஆட்களில் நானும் ஒருவனாக இருப்பேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா குனிந்து குதிகால்களைப் பார்த்தார். பொட்டு எதற்கு, சண்டை எதற்கு என்று கேட்டார். நான் சொல்ல, அதிகாரி மொழிபெயர்த்தார். அவரவர் பூட்ஸ் அவரவர் காலுக்கு வரும்வரை அவர் பொறுமையாக நின்றார். பிறகு நாங்கள் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்து, அவரவர் கொட்டகைக்குப் போனோம்.

சில வாரம் கழித்து அனுமதி வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் நடந்த சண்டை என்பதால்தான் எங்கள் பூட்ஸ் கட்டுப்பாட்டை நம்பியதாக டாக்டரம்மா சொன்னாராம். யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஒரே ஒரு நிபந்தனை: யார் வந்தாலும், எந்தக் காரணத்துக்காகவும், பண்ணைக்குள் யாரும் பூட்ஸைக் கழற்றக் கூடாது.

அந்த வருஷம் ஆயுத பூசைக்கு, தீவனம் அரைக்கும் மெஷினுக்குச் சூடம் காட்ட வந்த பூசாரிக்கும் ஒரு ஜோடி பூட்ஸ் கொடுத்தோம். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"சாமி குத்தம் ஆகாதுங்களா?" என்றார்.

"ஆச்சுன்னா நான் பாத்துக்கறேனுங்க. போட்டுக்கிட்டு வாங்க, முட்டைக் கன்டெய்னர் போகோணும்" என்றார் முதலாளி.