முன்சீப் வீட்டில் அப்பா சொன்ன முந்நூறு ரூபாய்

ஜில்லு...

பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்கு வந்து, அந்த வாசனைக்கு நடுவில் ஒரு டயரைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துதான் நீ படிப்பாய். மேற்குத் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் அப்பாவுக்கு வாடகை சைக்கிள் கடை. மொத்தம் எட்டு சைக்கிள். அதில் இரண்டு எப்போதும் படுத்துக் கிடக்கும்.

ஜில்லு என் தங்கை. எந்த வெயிலிலும் அவள் கை சில்லென்று இருக்கும், அதனால் வந்த பெயர். போன மாதம் போய்விட்டாள். பேச ஆள் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவள். அவள்தான் படிப்பு.

அறுபதுகளின் கடைசி. நீ எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் வாங்கினாய். பெரிய டீச்சர் அப்பாவை வரச்சொல்லி, “பி.யூ.சி. சேத்துடுங்க. இவ மார்க்குக்கு ஸ்காலர்ஷிப் நிச்சயம். வருமானம் கம்மின்னு ஒரு சர்டிபிகேட் மட்டும் வாங்கிக் குடுங்க” என்றார்கள்.

அன்றைக்கு அப்பா ஒரு சைக்கிளுக்குக்கூட வாடகை வாங்கவில்லை... “போப்பா, எம்பொண்ணு காலேஜ் போவப்போவுது” என்று அனுப்பிவிட்டார்.

சர்டிபிகேட்டுக்கு முதலில் ஊர் அதிகாரியான முன்சீப் எழுதித் தர வேண்டும். அவர் எழுதுவதுதான் தாலுகா ஆபீசில் செல்லும். நீ டி.சி. வாங்கப் போயிருந்ததால், அப்பாவோடு நான் போனேன். உன் மார்க் ஷீட்டை மடங்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தேன்.

முன்சீப் வீட்டு வராந்தாவில், காபி குடித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் அப்பாவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். முந்தின வாரம் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளையின் சித்தப்பா. அவர்கள் இன்னும் பதில் சொல்லியிருக்கவில்லை. அதற்கு முன்னால் இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது.

“வாய்யா சைக்கிள்கடை. மாசம் இன்னா வருது, சொல்லு” என்றார் முன்சீப், பேனாவைத் திறந்தபடி.

நூறு ரூபாயைத் தாண்டிய மாதம் எங்கள் வீட்டில் குறைச்சல். அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஒரு... முந்நூறு வருங்க.”

“யோவ், சைக்கிள் வாடகைக்கு வுடறியா, ரயிலு வாடகைக்கு வுடறியா?”

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். திருப்தியான சிரிப்பு. முன்சீப் எழுதினார்.

எனக்குத் தெரியும் ஜில்லு. டீச்சர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். ‘அப்பா, இது ஸ்காலர்ஷிப்புக்கு’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லவில்லை.

வரும் வழியில் அப்பா, “அந்தாளு எதிர்ல எப்டிம்மா கம்மியா சொல்றது? ரெண்டு நாள் கழிச்சு தனியா வந்து மாத்திக்கலாம்” என்றார். போனார். முன்சீப், “நீ சொன்னதத்தான் எழுதினேன். இன்னிக்கு முந்நூறு, நாளைக்கு தொண்ணூறா? எங்கையெழுத்துக்கு இன்னா மரியாத கீது?” என்று அனுப்பிவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டில் சம்மதம் சொன்னார்கள். அந்த வாரமே ஸ்காலர்ஷிப் இல்லை என்றும் ஆகிவிட்டது.

அம்மா கையில் ஒரு சீட்டு இருந்தது. பால் விற்றுக் கட்டி வந்த சீட்டு. “அத்த எடுத்து சின்னவளுக்கு ஃபீஸ் கட்டிடலாங்க” என்றாள் அம்மா. “அப்ப கல்யாணம்?” என்றார் அப்பா. இருவரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். ஒரு வருஷம் பொறுக்கிறேன் என்று நான் சொல்ல வேண்டிய இடம் அது.

நீதான் பேசினாய். “அய்யே, தெனம் எலக்ட்ரிக் ட்ரெய்ன்ல நசுங்கிகினு யார் போவறது? அக்கா போனாத்தான் எனக்குப் பாய் முழுசா கெடைக்கும். மொதல்ல இவள அனுப்புங்க.”

அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

நான் சிரித்துக்கொண்டே கல்யாணம் பண்ணிக்கொண்டு குன்றத்தூர் போனேன். நீ டைப்பிங் படித்தாய். குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஓய்வு பெறும்வரை மற்றவர்கள் சொன்ன கடிதங்களைத் தட்டிக்கொண்டிருந்தாய்.

இப்போது எதிர்வீட்டுப் பெண் கட்டிலில் சாய்ந்துகொண்டு போனிலேயே வருமானச் சான்றிதழுக்கு எழுதிப்போடுகிறாள். காலேஜுக்கு பேங்க்கிலேயே கடன் தருகிறார்கள். யாருடைய வராந்தாவிலும் போய் நிற்க வேண்டியதில்லை. அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து டி.வி. பார்க்கிறாள். நல்லதுதான்... நான்தான் பார்க்கமாட்டாமல் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

என் பெண் படித்து, சிறுசேரியில் பெரிய வேலையில் இருக்கிறாள். காலையில் போனால் இருட்டித்தான் வருகிறாள். பகல் முழுக்க வீட்டில் நான் ஒருத்தி. பதினொரு மணிக்கு உன் போன் வரும். இப்போதும் அந்த நேரத்துக்கு டி.வி. சத்தத்தைக் குறைத்துவிடுகிறேன்.

என் பெண்ணைக் காலேஜில் சேர்த்தபோது அவள் அப்பா உயிரோடு இல்லை. அவளுக்கும் இதே சர்டிபிகேட் கேட்டார்கள். நீ ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்தாய். நான் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பி நின்றேன்.

“நீ வராத. நான் மட்டும் போறேன்” என்றாய்.

மூன்று நாள் அலைந்து வாங்கி வந்தாய். சரியான தொகை எழுதியிருந்தது. என் கையில்கூடக் கொடுக்கவில்லை. நேரே காலேஜில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, காபி கேட்டாய்.

அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். பயந்துகொண்டு காபி போடப் போய்விட்டேன். அப்புறம் தினமும் பதினொரு மணிக்குப் பேசினோம், எத்தனையோ வருஷம்...

ஏன்டி என்னை வர வேண்டாம் என்றாய்? அன்றைக்கு வராந்தாவில் நான் வாய் திறக்காமல் நின்றதை அப்பா உன்னிடம் சொல்லிவிட்டாரா?