பின்பக்கமாக இறங்கியவள்

பட்டறையில் அவளைக் கத்தியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாயும் அப்படித்தான், ஆனால் பேர் வந்தது வாயால் அல்ல. தேய்ந்து மொட்டையான லாரி டயரில் சூடான கத்தியை இறக்கிப் புதிதாகப் பள்ளம் வெட்டுவது அவள் வேலை. அரை நூல் ஆழம் தப்பினால் உள்ளே இருக்கும் கம்பி தெரிந்துவிடும், டயர் குப்பைக்குப் போகும். இருபத்தாறு வருஷத்தில் அவள் குப்பைக்கு அனுப்பியது இரண்டே டயர். அந்த இரண்டைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் முகம் சிவக்கும்.

போன வருஷம் அடுக்கிலிருந்து சரிந்த டயர் ஒன்று அவள் இடது முட்டியில் விழுந்தது. ஆபரேஷன், நான்கு மாத ஓய்வு. திரும்பி வந்தால் பட்டறை முதலாளி, அதாவது கூடப்பிறந்த அண்ணன், மெத்தை போட்ட நாற்காலி ஒன்றைக் கல்லாவில் வாங்கிப் போட்டிருக்கிறார்.

"இனி நீ இங்க உக்காந்து பில்லு போடு. அம்பத்தொரு வயசாச்சு, அந்த முட்டிய வெச்சுக்கிட்டு எட்டு மணி நேரம் நிக்க முடியுமா?"

அவருக்கு அக்கறைதான், யார் இல்லை என்றது? ஆனால் சில பேருடைய அக்கறை இருக்கிறதே, அது ஆளை உயிரோடு மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடும். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவரில் மலை ஓட்டப் பந்தயத்தின் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. இருபத்தோரு கிலோமீட்டர், ஐந்து மணி நேரத்துக்குள்.

"இத முடிச்சிட்டு வந்தா?"

"எத? இதையா?" அண்ணன் சிரித்தார். "முடிச்சிட்டு வா, வெட்டு மேசை உன்னுது. நான் வாயே திறக்க மாட்டேன்."

அந்தச் சிரிப்பு போதும் அவளுக்கு. ஐந்து மாதம் விடியற்காலையில் எழுந்து நடந்தாள், பிறகு ஓடினாள். முட்டிக்குப் பட்டை, பட்டைக்கு மேல் பிடிவாதம். பந்தயத்துக்கு மூன்று நாள் முன்னால் மழை பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. கடையில் விற்கும் ஷூ சேற்றுக்கு ஆகாது என்று பழைய கேன்வாஸ் ஷூவின் அடியில் கெட்டி ரப்பரை ஒட்டி, தன் கத்தியாலேயே பட்டன், அதாவது மண்ணைக் கடிக்கும் மேடும் பள்ளமும், வெட்டினாள். டிராக்டர் டயரில் இருக்குமே, அம்பு அம்பாக, அதே வெட்டு.

ஏற்றத்தில் அந்த ஷூ பேயாய்ப் பிடித்தது. விலையுயர்ந்த ஷூக்காரர்கள் எல்லாம் இரண்டடி ஏறி மூன்றடி வழுக்கிக்கொண்டிருந்தார்கள். இவள் அவர்கள் நடுவில் 'வழி விடுங்க, வழி விடுங்க' என்று போய்க்கொண்டே இருந்தாள். நாற்பது பேரைத் தாண்டியிருப்பாள். உச்சிக்குப் போனபோது இரண்டு மணி நேரம் நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. நேரம் தாராளமாக இருந்தது. மனசுக்குள் அண்ணனோடு நான்கு வாக்கியம் பேசியும் முடித்துவிட்டாள்.

இறக்கத்தில் முதல் அடி வைத்தாள், உட்கார்ந்துவிட்டாள். எழுந்தாள், மறுபடியும் விழுந்தாள். நான்காவது தடவை பத்தடி சறுக்கிப்போய் ஒரு புதரில் நின்றாள். ஷூ நிறையச் சேறு, காதிலும் சேறு.

பின்னால் ஓடி வந்தவர், பட்டறைக்குப் பக்கத்து மருந்துக்கடைக்காரர், கை கொடுத்தார். "விடுங்கக்கா, யானைக்கும் அடி சறுக்கும். கீழ வளைவுல ஜீப்பு நிக்குது, ஏறிக்கங்க."

"யானைக்குச் சறுக்கினா அது போயி அண்ணன்கிட்ட பதில் சொல்ல வேணாம். நீங்க போங்க."

அவர் போனார். இவள் ஷூவைக் கழற்றி அடியைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் தலையில் அடித்துக்கொண்டாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை, கூடம் கட்டினதும் இவள்தானே! டயர் சுற்றும் பொருள். அதற்கு ஒரு திசையில் அம்பு வெட்டினால் போதும். கால் சுற்றுமா? ஏறும்போது கால் மண்ணைப் பின்னால் தள்ளுகிறது, இறங்கும்போது முன்னால் தள்ளுகிறது. குதிகாலில் அம்பைத் திருப்பி வெட்டியிருக்க வேண்டும். டயரைத் தவிர வேறொன்றும் வெட்டாதவளுக்கு அது தோன்றவே இல்லை.

கத்தி இல்லை. மழை வலுத்துக்கொண்டிருந்தது. ஜீப்பின் ஹாரன் கீழே கேட்டது.

ஷூவை மாட்டிக்கொண்டு திரும்பி நின்றாள். முகம் உச்சியைப் பார்க்க, முதுகு பள்ளத்தைப் பார்க்க, ஒரு காலைப் பின்னால் இறக்கினாள். பட்டன் கடித்துப் பிடித்தது.

அப்படியே இறங்கினாள். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வேரைப் பிடித்து, கல்லைப் பிடித்து, செங்குத்தான இடமெல்லாம் பின்பக்கமாக. வளைவில் நின்ற தொண்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "அக்கா, முடிவு இந்தப் பக்கம்!"

"தெரியும்! உன் வேலையப் பாரு!"

ஆனால் பின்பக்கமாக நடந்தால் நேரம் நிற்குமா? தாண்டி வந்த நாற்பது பேரும் இவளைத் தாண்டிப் போனார்கள். கடைசி மேட்டிலிருந்து இறங்கியபோது முட்டி பட்டைக்கு வெளியே பிதுங்கியிருந்தது. கீழே முடிவுக் கோட்டின் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நேரம் முடிஞ்சிருச்சும்மா. மூணு நிமிஷம் ஆச்சு. கணக்குல வராது" என்றார் விசில் மாட்டியவர்.

"உங்க கணக்கு உங்களோட. கோடு எங்க இருந்துச்சு, காட்டுங்க."

அவர் காட்டினார். அவள் சேற்றில் காலை அழுத்தி வைத்துத் தாண்டினாள்.

குடையோடு அண்ணன் வந்தார். கையில் எங்கிருந்தோ வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலி. தங்கையை மேலும் கீழும் பார்த்தார்.

"மூணு நிமிஷம் லேட்டாமே?"

"லேட்டுதான். முடிச்சிட்டு வான்னு சொன்னே, முடிச்சிட்டேன். மணி பாத்து வான்னு சொல்லல."

அண்ணன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். "சரி சரி, சண்டைய அப்புறம் வெச்சுக்கலாம். மொதல்ல உக்காரு. முட்டி எப்படி வீங்கியிருக்கு பாரு."

அவள் தொடை இரண்டும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. அந்த நாற்காலியைப் பார்க்கப் பார்க்க அழுகையே வந்தது. அப்படி ஆசையாக இருந்தது.

"உக்கார மாட்டேன்."

"ஏண்டி?"

"உக்காந்துட்டா மறுபடி நீ என்னை எந்திரிக்க விட மாட்டே, அண்ணே."

அண்ணன் குடையை அவள் தலைக்கு மேல் நீட்டினார். குடையிலிருந்து அவர் தோளில் தண்ணீர் சொட்டியது.

"நாளைக்கு லாரிக்காரர் ஆறு டயர் கொண்டு வர்றாரு" என்றார் கடைசியில். "எட்டு மணிக்கு வந்துரு."

"ஏழரைக்கே வருவேன்" என்றவள், வண்டி வரும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.