வெதுவெதுப்பான பெட்டி

சென்ற வாரம் கே.கே. நகரில் ஒரு பழைய சாமான் கடையைத் தாண்டும்போது, குவியலில் பச்சைப் பீங்கான் குழாய்கள் சில கிடந்தன. கட்டைவிரல் பருமன். பழைய காலத்துப் பெரிய ரெசிஸ்டர்கள்; கரண்டைத் தடுத்துத் தாமே சூடாகிறவை. ஒன்றை எடுத்து முகர்ந்தேன். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். முகர்ந்து பார்த்து வாங்க அது மாம்பழமா என்ன? ஆனால் சூடேறி ஆறிய தூசியின் அந்த வாசனை, உங்களுக்கு எப்படிச் சொல்வது, எனக்கு அது நடராஜனின் வாசனை.

சத்திரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடையில் நானும் அவனும் ஒன்றாக வேலை பார்த்தோம். பொன்மலை ரயில்வே பட்டறைப் பக்கம் போனால் இந்த ரெசிஸ்டர்களைப் பை நிறைய அள்ளி வருவான். தடையைச் சொல்லும் ஓமும் அதிகம், தாங்கும் வாட்டும் அதிகம். வருகிற செட் எதற்கும் பொருந்தாது.

"இதை வச்சு என்னடா பண்ணப்போற?"

"சும்மா இரு. எதுக்காவது ஆகும்."

முதலில் எனக்குத்தான் ஆனது. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டோமே என்ற தைரியத்தில் பெரிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றுக்குள் கைவிட்டேன். கண்டென்சரில் தேங்கியிருந்த கரண்ட் என்னை ஸ்டூலோடு சாய்த்தது. அதன் பிறகு ரெசிஸ்டரின் இரு முனையிலும் ஒயர் பற்றவைத்து, கண்டென்சரில் கொடுத்துத் தேக்கத்தை வடித்துவிட்டுத்தான் எதையும் தொடுவேன். என் வீரமெல்லாம் அத்தோடு சரி.

நடராஜனுக்கு ஒரே மகள், பூங்கொடி. பள்ளிக்கூடம் போகிற வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் குரல் ஒரே ஒரு கேசட்டில் இருந்தது. மைக் சோதிப்பதற்காகக் கடையில் அவளைப் பேசவிட்டு நாங்கள் பதிந்தது. "அப்பா, இது ஓடுதா? ஓடலன்னா நான் பேசமாட்டேன், போ!" பிறகு ஒரு சிரிப்பு. அவ்வளவுதான்.

அவர்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரையோரம். மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும். ஓர் ஐப்பசியில் அந்த நாடாவின் விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சை. நடராஜனின் மனைவி கமலா கேசட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, இதுவும் போயிடுமா?" என்று என்னைக் கேட்டாள்.

நடராஜன் கேசட்டை வாங்கிக்கொண்டான். பூஞ்சையைத் துடைத்தான். ஒரு மரப்பெட்டி செய்து, அடியில் தன் ரெசிஸ்டர் ஒன்றைப் பொருத்திக் கரண்டில் இணைத்தான். ஓம் அதிகம் என்பதால் கொஞ்சம் கரண்ட்தான் ஓடும்; எரியாது, வெதுவெதுப்பாகவே இருக்கும். ஈரம் அண்டவில்லை, பூஞ்சையும் திரும்பவில்லை. போட்டுக் கேட்டால் தேய்ந்துவிடுமோ என்று பயந்து கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். இருக்கிறது என்பதே போதுமாக இருந்தது.

பல வருஷம் கழித்து, ஒரு மழைக்காலத்தில் கமலா படுத்த படுக்கையானாள். "ஏங்க, ஒரு தடவை போடுங்க" என்றாள் நடராஜனிடம். டேப் ரிக்கார்டரை நான்தான் கொண்டுபோனேன். வெறும் இரைச்சல். பிறகு நாடா கிறீச்சிட்டு நின்றது. திறந்து பார்த்தால் உள்ளே பழுப்புத் தூள். நாடாவில் குரல் பதிந்திருந்த பூச்சு உதிர்ந்து, அது கண்ணாடித்தாள் போல இருந்தது.

கமலா கண்ணைத் திறக்காமலே, "பேசுறாளா?" என்றாள்.

"இரும்மா, இதோ" என்று சொல்லிவிட்டு, சும்மா ஏதோ ஒரு குமிழைத் திருகிக்கொண்டிருந்தேன்.

வாசலுக்கு வந்ததும் நடராஜன் கேட்டான். "நாம வச்ச சூடே தின்னுடுச்சோடா?"

"இல்லடா. பழசானா உதிரத்தான் செய்யும்."

உண்மையில் எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

அந்த மழை ஓயும் முன்பே கமலா போய்விட்டாள். நடராஜனும் இப்போது இல்லை. கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். பூங்கொடி பேசிக் கேட்டவன் என்று இனி நான் ஒருவன்தான். அவள் சொன்னது வார்த்தை பிசகாமல் மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பார்க்கிறேன். என் கிழட்டுக் குரல்தான் கேட்கிறது.